போருக்கு முந்திய நாள்



காலத்தைக் கடந்து சென்று, வேறொரு நூற்றாண்டில் வாழ்ந்துவிட்டு மீள்வதாகச் சொல்லும் கற்பனை உலக இலக்கியத்தில் பெரிதும் விரும்பப்படுவது. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 1895-இல் எழுதிய ‘கால இயந்திரம்’ என்னும் நாவலில் ஒருவன் எதிர்காலத்திற்குச் செல்கிறான். 1926-இல் மேடையேறிய ‘பெர்க்லி சதுக்கம்’ என்னும் ஆங்கில நாடகத்திலோ, ஒருவன் 1784-ஆம் ஆண்டிற்குள் புகுந்து, அங்கே ஒரு பெண்ணிடம் காதல் கொள்கிறான்.

இவ்வாறு இறந்த காலத்திற்குச் செல்லும் காதற்கதைகளில், ஒரு பெரும்போருக்கு முந்திய நாளைத் தேர்ந்துகொள்வதில் எழுத்தாளர்க்குத் தனி விருப்பம் உண்டு. அதன் காரணம் எளிது. வருங்காலத்திலிருந்து வந்த காதலனுக்குப் போரின் முடிவு தெரியும். அவன் கைப்பற்றி நிற்கும் பெண்ணுக்குத் தெரியாது. சொல்லவும் இயலாமல், சொல்லாதிருக்கவும் இயலாமல் அவன் தவிக்கும் தவிப்பே கதையின் சுவை.

நான் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில், பள்ளி விழாக்களுக்காக மாணவர்கள் எழுதிய சரித்திர நாடகங்கள் பலவற்றைப் படித்துத் திருத்தியிருக்கிறேன். அவற்றில் ஒரு விந்தையைக் கண்டேன். அவற்றுள் காலப் பயணி எவனும் இல்லை. ஆயினும், பாத்திரங்கள் அனைவருமே நாளை நடக்கப்போவதை அறிந்தவர்கள்போலப் பேசினார்கள்! தோற்கப்போகிற தளபதி முதற்காட்சியிலேயே சோர்ந்திருப்பான். மடியப்போகிற வீரனின் காதலி விடை கொடுக்கும்போதே விதவையைப்போல அழுவாள். நூலின் கடைசி ஏட்டை நாம் படித்துவிட்டோம் என்பதனால், அவர்களும் படித்திருப்பார்கள் என்று எண்ணிவிடுகிறோம். சரித்திரம் பயில்வோர் விலக்கவேண்டிய முதற்குற்றம் இதுவே என்பது என் கருத்து.

நம் புதுச்சேரியின் வரலாற்றைக் கொண்டே இதனை ஆராய்வோம். இந்நகரின் வடமேற்கே உள்ள வந்தவாசியில் 1760 ஜனவரி 22-ஆம் நாள், லாலி தலைமையில் பிரெஞ்சுப் படையும், அயர் கூட் தலைமையில் ஆங்கிலப் படையும் மோதின. பிரெஞ்சுக்காரர் தோற்றனர்; அவர்களுடைய சிறந்த தளபதிகளுள் ஒருவரான புஸ்ஸி சிறைப்பட்டார். இந்தியாவில் பேரரசு அமைக்க எண்ணிய பிரெஞ்சுக்காரரின் கனவு அன்றோடு முடிந்தது என்று பாடநூல்கள் ஒரே வரியில் கூறிவிடும்.

இனி, உங்களுள் ஒருவர் அதற்கு முந்திய நாள் மாலையில் புதுவைக் கடைவீதியில் போய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். “இந்நகரம் ஓராண்டிற்குள் வீழ்ந்துவிடும், வீடுகள் இடிக்கப்படும்” என்று அங்கிருந்த வணிகர் ஒருவரிடம் நீங்கள் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பாரா? அவருக்குத் தெரிந்தது எதிர்காலம் அன்று. தாம் கடந்து வந்த காலமே. 1746-இல் அடையாற்றங்கரையில் ஒரு சிறிய பிரெஞ்சுப் படை ஆற்காட்டு நவாபின் பெரும்படையை முறியடித்ததை அவர் அறிவார். 1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்காவன் பெரும்படையோடு வந்து புதுவையை முற்றுகையிட்டு, மழையும் நோயும் வருத்த, வெறுங்கையோடு திரும்பியதையும் அறிவார். 1750-இன் இறுதியில் தக்காணத்தின் சுபேதாராக முசபர் ஜங் இதே ஊரில் துய்ப்ளேயின் முன்னிலையில் முடிசூடியதைக் கண்ணாரக் கண்டும் இருக்கலாம். துய்ப்ளே 1754-இல் தாயகம் திரும்பிய பின் நிலைமை தாழ்ந்தது உண்மையே. ஆயினும், ‘அன்று பிழைத்த நகரம் இன்றும் பிழைக்கும்’ என்று அவர் எண்ணியிருந்தால், அது அறியாமை ஆகாது. அனுபவம் தந்த நியாயமான நம்பிக்கையே ஆகும்.

வந்தவாசிக்குப் பின்னரும் அந்த நம்பிக்கை உடனே அற்றுவிடவில்லை. ஆங்கிலேயர் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு புதுவையை வளைத்தனர். கடலிலும் அவர்களுடைய கப்பல்கள் காவல் நின்றன. உணவு அருகியது. 1760 நவம்பர் மாத இறுதியில், இருக்கும் தானியத்தைப் படைக்குக் காப்பதற்காக, நகரில் எஞ்சியிருந்த இந்தியக் குடிமக்களை வெளியேற்றுமாறு லாலி ஆணையிட்டார். ஏறத்தாழ 1400 பேர், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக, கோட்டை வாயிலுக்கு வெளியே விடப்பட்டனர். முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் அவர்களைத் தம் காவல் எல்லையைக் கடக்க விடவில்லை. நகருக்குள் திரும்பவும் வழி இல்லை. இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெற்று நிலத்தில் அக்குடும்பங்கள் பல நாள் பசியோடு அலைந்த பின்னரே, கூட் அவர்களுக்கு வழிவிட்டார்.

காதற்கதை தேடும் இளைஞர்களே, இங்கே சிறிது நின்று எண்ணிப் பாருங்கள். வாளேந்திய வீரனும் நிலா முற்றத்து நங்கையும் அந்த நிலத்தில் இல்லை. மனைவியைக் கைவிடாத கணவர்களும், குழந்தையை இறக்கிவிடாத தாய்மார்களும் அக்கூட்டத்தில் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுள் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அன்பு என்பது போர்க்காலத்தில் கொள்ளும் உண்மையான வடிவம் அதுவே.

1761-ஆம் ஆண்டு பிறந்த நாளன்று பெரும்புயல் ஒன்று வீசி ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை அழித்தது. முற்றுகையின் கடற்பக்கம் திறந்தது. நகரில் நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. ஆனால் சில நாட்களுக்குள் எஞ்சிய கப்பல்கள் திரும்பக் கூடி வழியை அடைத்துவிட்டன. ஜனவரி 16-ஆம் நாள் நகரம் சரணடைந்தது. பின்னர் ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். 1763-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் பிரெஞ்சுக்காரரிடம் 1765-இல் மீண்டது. இன்று நாம் நடக்கும் வீதிகள் பெரும்பாலும் பழைய அடித்தளங்களின்மேல் அதன் பின்னர் எழுந்தவை. தோல்விக்குப் பொறுப்பாக்கப்பட்ட லாலிக்கு 1766-இல் பாரிஸ் நகரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அக்காலத்திற்குள் நம்மைக் கொண்டு செல்லும் ஊர்தி கற்பனையில் மட்டும் இல்லை. உண்மையாகவே ஒன்று உண்டு. அது துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736-இல் தொடங்கி, நகரம் வீழ்ந்த 1761 ஜனவரியில் தாம் மறையும் வரையில் அவர் அதனை எழுதிவந்தார். 1846-இல் இது மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை சென்னையில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. கப்பல் வரவு, சரக்கு விலை, வதந்தி, சகுனம், சாதகம், பீரங்கி முழக்கம், அதிகாரிகளின் பூசல் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றுள்ளன. அவருடைய பேனா ஒவ்வொரு நாளும் மறுநாளை அறியாமலே எழுதியது. நாம் முடிவை அறிந்து படிக்கிறோம். அவரோ அறியாமல் அஞ்சுகிறார், கணக்கிடுகிறார், நம்புகிறார். அந்த நாட்குறிப்பின் தனிப்பெருமை இதில்தான் இருக்கிறது.

இக்களஞ்சியம் சிறந்த நாவல்களுக்கும் வித்தாயிற்று. புதுவையில் பிறந்த பிரபஞ்சன் இந்தக் காலத்தைப் பின்னணியாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் நாவல்களைப் படைத்தார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆகையால், சரித்திரத்தில் கற்பனை கலத்தல் கூடாது என்று நான் சொல்லவில்லை. கற்பனை செய்யுங்கள், காதலையும் பாடுங்கள். ஆனால் உங்கள் பாத்திரங்களுக்கு நாளையைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

நாடகம் எழுத விரும்புவோருக்கு ஒரு பயிற்சியையும் கூறி முடிக்கிறேன். நாட்குறிப்பில் ஏதேனும் ஒரு நாளின் பகுதியைப் படியுங்கள். அடுத்த நாளின் பகுதியைத் திறவாமல் நூலை மூடிவையுங்கள். அன்று மாலை பிள்ளை எதை நம்பியிருப்பார், எதற்கு அஞ்சியிருப்பார், எதனை விற்று எதனை வாங்கியிருப்பார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு மறுநாளைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊகம் பல இடங்களில் தவறும். முன்னோர்க்கும் அவ்வாறே தவறியது என்பதை அப்போது நீங்கள் உணர்வீர்கள்; அவர்கள்பால் மதிப்பும் கூடும்.