பெத்தமங்கலம் முதல் யர்கோள் வரை

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைனில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் பெத்தமங்கலம் தண்ணீர்தான். எங்கள் லைனில் பல வீடுகளுக்கு ஒரே குழாய். விடியும் முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். மேல் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு முதலில் விடுவதென்று ஒரு முறை இருந்தது. பாறைத்தூசு படிந்த உடம்போடு வந்தவரைக் காக்க வைப்பதை அம்மா பாவமாக நினைத்தார்.

பாலாற்றை மறித்த பெத்தமங்கலம் ஏரி சுரங்கத்துக்காக வெட்டியதல்ல. ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். உடைந்த ஏரியை 10-ஆம் நூற்றாண்டில் நொளம்பர் காலத்தில் சரிசெய்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. வயலுக்கென்று காப்பாற்றிய அந்த ஏரியில்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கத்துக்கான நீரேற்றும் நிலையம் வந்தது.

லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-களில் இங்கே சுரங்க நிர்வாகத்தை ஏற்றது. பணம் போட்டவர்களுக்குச் சுரங்கத்தை நடத்திக் கொடுக்கும் பொறியாளர்கள் அவர்கள். தாதுக்கல்லை இடிக்கும் மில்லுக்கு ஓயாமல் தண்ணீர் வேண்டும், சயனைடு தொட்டிக்கும் வேண்டும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குவிந்த கூலிக் குடும்பங்கள் குடிக்கவும் வேண்டும். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். சுரங்கத்துக்கு நாளை எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட ஆள் இருந்தார்கள்; அந்தக் கணக்கு பலித்தது. ஏரியின் ஆயக்கட்டு விவசாயிக்கு அப்படிக் கணக்குப் போட ஒருவரும் இல்லை. அவர் வயலும் நாளை இருக்கப் போகிற வயல்தானே!

ஆற்றின் கீழே இருப்பவரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் இல்லாமல் இல்லை. 1892-இல் மதராஸும் மைசூரும் செய்த ஒப்பந்தம், பாலாறு, தென்பெண்ணை முதலிய ஆறுகளில் மதராஸின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசனத் தேக்கம் கட்டக்கூடாது என்றது. கல்யாணமாகி நான் வந்த பூதிகோட்டையில் அந்த ஒப்பந்தம் இன்னும் பேச்சில் உண்டு. ஹைதர் அலி பிறந்த ஊர்தானே என்று வெளியூரார் கேட்பார்கள். ஊருக்குள் பேச்சு மார்க்கண்டேயா ஆற்றைப் பற்றித்தான்.

அந்த ஆற்றில்தான் யர்கோள் அணை. கோலார், பங்காரப்பேட்டை, மாலூர் நகரங்களுக்குக் குடிநீர் தர, அரை டி.எம்.சி. கொள்ளளவில் கட்டினார்கள். ஆறு வேப்பனப்பள்ளி வழியாகப் போய்க் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணையோடு சேர்வதால் தமிழ்நாடு வழக்குப் போட்டது. இது குடிநீர்த் திட்டம் என்றது கர்நாடகம். உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தடை தர மறுத்தது. 2023 நவம்பரில் அணை திறந்தது. ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் காற்று வரும் மாவட்டத்தில், புளோரைடு தண்ணீரில் பல் மஞ்சளாகிப் போன பிள்ளைகளைப் பார்த்த எனக்கு இந்த அணை வேண்டும். ஆனால் வேப்பனப்பள்ளிக் கிணறுகளில் என்ன நடக்கும் என்பதை வழக்குக் கட்டில் அல்ல, திட்ட அறிக்கையில் படிக்க விரும்புகிறேன்.

2018-இல் வந்த கே.சி. வேலி திட்டம் வேறு விதம். பெங்களூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். முதலில் நிரம்பியது லட்சுமிசாகரம் ஏரி. ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததற்கு, பழைய ஏரித்தொடர் வழியாகவே தண்ணீர் போகிறது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்று விவசாயிகள் கேட்பது நியாயமானது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனாலும் ஏரிகளை வரிசையாகப் பார்த்த திட்டம் இது. மடையும் கால்வாயும் தூர்ந்து கிடக்கும் இடங்களை நடந்து பார்க்காமல் இதை ஒருநாளும் நடத்த முடியாது.

2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கம் மூடியது. மில் நின்றது, லைன் ஜனங்களின் தாகம் நிற்கவில்லை. டேங்கர் வரும் நாளுக்காக வீட்டு வாசலில் நீல டிரம் வைத்தார்கள். சுரங்கம் போன பிறகு இந்த ஜனங்களுக்கு எத்தனை குடம் என்ற கேள்விக்கு 1902-லேயே திட்டத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். இனித் திட்டம் வரைகிறவர்கள் அந்தப் பக்கத்தை முதலில் எழுதட்டும். பிறகு பம்பின் குதிரைசக்தியைச் சொல்லட்டும்.