திருப்பதி அர்ச்சகர் வேலை: 1987-இல் ரத்தான பரம்பரை உரிமை திரும்பி வந்தது எப்படி?

திருமலைக்குப் போய்வந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். மணிக்கணக்கில் வரிசையில் நின்றால், சன்னதி முன் கிடைப்பது சில விநாடிகள். அந்த நேரத்தில் கருவறைக்குள் நிற்கும் அர்ச்சகர் அந்த வேலைக்கு எப்படி வந்தார் என்று யோசித்திருக்கீங்களா? தேர்வு எழுதினாரா? நேர்காணலா? அல்லது அவருடைய அப்பாவும் தாத்தாவும் அங்கே நின்றவர்களா?

இந்தக் கேள்விக்கு ஆந்திர அரசு 1987-இல் ஒரு பதில் சொன்னது. உச்ச நீதிமன்றம் 1996-இல் அதை ஆமோதித்தது. ஆனால் 2007-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2019-இல் பழைய உரிமை பெருமளவு திரும்பிவிட்டது. காலங்காலமாக இருக்கும் ஓர் ஏற்பாட்டைச் சட்டத்தால் மாற்ற முடியுமா, மாற்றினால் அது நிலைக்குமா என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மிராசு என்றால் என்ன?

தஞ்சாவூர்ப் பக்கம் ‘மிராசுதார்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். மிராசு என்பது ‘வாரிசு உரிமை’ என்ற பொருள்கொண்ட அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நிலத்தில் மட்டுமல்ல, கோயில் வேலையிலும் மிராசு இருந்தது.

திருமலையில் வைகானச ஆகமப்படி பூஜை நடக்கிறது. பைடிபல்லி, கொல்லபல்லி, பெத்தின்டி, திருப்பதம்மா ஆகிய நான்கு அர்ச்சகக் குடும்பங்கள் முறை வைத்து இந்தப் பணியைச் செய்துவந்தன. வேலை தலைமுறை தலைமுறையாக வந்தது. அதோடு பிரசாதத்திலும் காணிக்கையிலும் பங்கும் வந்தது. மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் அல்ல அவர்கள். உரிமைக்காரர்கள்.

அதற்கு முன் யாருமே எதையும் மாற்றவில்லையா?

மாற்றினார்கள், ஆனால் வேறு இடத்தில். 1843 முதல் 1933 வரை கோயில் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் இருந்தது. 1932-இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டம் அதை முடித்துவைத்து, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தை உருவாக்கியது. அதாவது நிர்வாகம் கைமாறிவிட்டது. கருவறை வேலை அப்படியே இருந்தது.

1987-இல் என்ன நடந்தது?

அப்போது முதலமைச்சர் என்.டி.ராமராவ். கோயில் நிர்வாகம் பற்றி ஆராய நீதிபதி சல்லா கொண்டய்யா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளைத் தொடர்ந்து வந்ததுதான் 1987-ஆம் ஆண்டின் 30-ஆவது சட்டம். அதில் மூன்று பிரிவுகள் முக்கியம்:

• பிரிவு 16: பரம்பரை அறங்காவலர் பதவி ரத்து.
• பிரிவு 34: அர்ச்சகர், மிராசுதார் உள்ளிட்டோரின் பரம்பரை உரிமை ரத்து.
• பிரிவு 144: காணிக்கை, உண்டியல் போன்றவற்றில் வழக்கமாக வந்த பங்கு ரத்து.

இது திருமலைக்கு மட்டுமான சட்டம் இல்லை. காளஹஸ்தி, காணிப்பாக்கம் தொடங்கி வருமானமே இல்லாத கிராமக் கோயில் வரை பொருந்தும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

திருமலைப் பரம்பரை அர்ச்சகர் ஏ.எஸ்.நாராயண தீட்சிதுலு உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். “இது எங்கள் மத உரிமை, அரசு தலையிட முடியாது” என்பது வாதம். 1996 மார்ச்சில் நீதிபதிகள் கே.ராமசாமி, பி.எல்.ஹன்சாரியா அமர்வு தீர்ப்பு சொன்னது. பூஜை செய்வது மதம் சார்ந்தது. ஆனால் பூஜை செய்பவரை நியமிப்பது மதச்சார்பற்ற நிர்வாக வேலை. அதனால் பரம்பரை உரிமையை எடுத்தது செல்லும். கூடவே, அர்ச்சகர்களின் நலனுக்கு அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் வலியுறுத்தியது.

அப்படின்னா ஏன் திரும்பி வந்தது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் கதவில் இரண்டு பூட்டுகள். ஒன்று பரம்பரை: அப்பா அர்ச்சகர் என்றால் மகனும் அர்ச்சகர். இன்னொன்று ஆகமமும் அதோடு வரும் சாதியும்: எந்தப் பிரிவில் பிறந்தவர் சிலையைத் தொடலாம் என்ற விதி. 1987 சட்டம் முதல் பூட்டைத்தான் திறந்தது. வைகானச முறைப்படி பூஜை செய்யத் தெரிந்தவர்கள், பெரும்பாலும் அதே குடும்பங்களின் பிள்ளைகள். சட்டப்படி வேலை பொதுவானது. நடைமுறையில் போட்டிக்கு வெளியிலிருந்து ஆள் வருவது அரிது.

இன்னொரு காரணம், சிறிய கோயில்கள். திருமலையில் பங்கு போனாலும் தேவஸ்தானச் சம்பளம் வரும். வருமானமில்லாத ஊர்க் கோயில் அர்ச்சகருக்குப் பங்கும் போய், சொல்லிக்கொள்ளும்படி சம்பளமும் இல்லை என்றால் என்ன ஆகும்? மகன் வேறு வேலைக்குப் போவான், கோயிலில் விளக்கேற்ற ஆள் இருக்காது. பரம்பரை உரிமையைத் திரும்பக் கேட்டவர்களின் வலுவான வாதம் இதுதான். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டது ஏழை அர்ச்சகர். ஆனால் அவருக்காகக் கேட்ட உரிமை, பணக்காரக் கோயிலுக்கும் சேர்த்தே வந்தது.

வரிசையாகப் பார்ப்போம்:

• 2007: சட்டத் திருத்தம். பழைய அர்ச்சகக் குடும்பங்களில் தகுதி உள்ளவர்கள் பணியில் தொடரலாம்.
• 2018 மே: தலைமை அர்ச்சகர் ரமண தீட்சிதுலு சென்னையில் தேவஸ்தான நிர்வாகம் மீது குற்றச்சாட்டுகளை அடுக்கினார். தேவஸ்தானம் மறுத்தது. அடுத்த நாளே 65 வயதைக் கடந்த அர்ச்சகர்களுக்கு ஓய்வு என்று அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அவரும் வெளியே போனார்.
• 2018 டிசம்பர்: திருச்சானூர் அர்ச்சகர்கள் தொடுத்த வழக்கில், இந்தக் கட்டாய ஓய்வு செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது.
• 2019 அக்டோபர்: ஜெகன்மோகன் ரெட்டி அரசு, 2007 திருத்தத்தை நடைமுறைப்படுத்த ஆணை பிறப்பித்தது.
• 2021 ஏப்ரல்: ஓய்வு கொடுக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்க தேவஸ்தானம் உத்தரவிட்டது.

இந்த ஆண்டுகளைக் கழித்துப் பாருங்கள். சட்டம் வந்து நீதிமன்றம் ஏற்க 9 ஆண்டுகள். சட்டமன்றமே அதைத் தளர்த்த, அங்கிருந்து 11 ஆண்டுகள்தான்.

தமிழ்நாட்டில் என்ன ஆச்சு?

இங்கே 1971-லேயே மு.கருணாநிதி அரசு பரம்பரை உரிமையை எடுத்தது. சேஷம்மாள் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, ஆனால் நியமனம் ஆகமப்படி இருக்கணும் என்றது. முதல் பூட்டு திறந்தது, இரண்டாவது அப்படியே. 2006-இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று ஆணை போட்டு, பயிற்சிப் பள்ளிகளையும் அரசு தொடங்கியது. 200-க்கும் மேற்பட்டோர் படித்து முடித்தார்கள். வழக்கு, காத்திருப்பு. கடைசியில் 2021 ஆகஸ்ட் 14 அன்று, பயிற்சி முடித்த 24 பேருக்கு நியமன ஆணை கிடைத்தது.

கேரளத்தில் பாதை கொஞ்சம் வேறு. பிராமணரல்லாதவரும் பூஜை செய்யலாம் என்று 2002-இல் ஆதித்யன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியத்தின் கோயில்களுக்கு நடந்த தேர்வில் பிராமணரல்லாத 36 பேர் தேறினார்கள். அவர்களில் 6 பேர் தலித்துகள்.

இதிலிருந்து நமக்கு என்ன?

உங்கள் ஊர்ச் சங்கமோ, அலுவலகமோ, கட்சியோ, ‘எப்பவும் இப்படித்தான்’ என்று ஓடும் ஒன்றை மாற்ற நினைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பழைய ஏற்பாட்டை நம்பிப் பிழைக்கும் ஏழைக்கு மாற்று வழி என்ன? புதிதாக வருபவருக்குப் பயிற்சி யார் தருவது? எழுதப்படாத விதி இன்னும் எங்கே ஒளிந்திருக்கிறது?

1987 சட்டத்தில் இந்த மூன்றுக்கும் போதுமான பதில் இல்லை. கேரளத்தில் குறைந்தது தேர்வாவது இருந்தது, தமிழ்நாட்டில் பள்ளியாவது இருந்தது. திருமலையில் இரண்டாவது பூட்டைத் திறக்கும் முயற்சி எப்போதாவது நடந்தால், முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தின் வாசகத்தை அல்ல. வைகானச ஆகமப் பாடசாலையில் யாரைச் சேர்க்கிறார்கள் என்பதைத்தான்.