அளவீட்டு நிலைகள்

ஒரு தரவில் உள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன, அவற்றை வைத்து எந்தக் கணக்கைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதை வரையறுக்கும் புள்ளியியல் பாகுபாடே அளவீட்டு நிலைகள். பெயரளவு, தரவரிசை, இடைவெளி, விகிதம் என அவை நான்கு. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் ‘சயின்ஸ்’ இதழில் இவற்றை வகுத்தார்.

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட விவாதம் உண்டு. ஒலியின் உரப்பு போன்ற புலனுணர்வுகளை அளக்க முடியுமா என்று ஆராய, பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் 1932-இல் இயற்பியலாளரும் உளவியலாளரும் அடங்கிய குழுவை அமைத்தது. 1940-இல் இறுதி அறிக்கை வந்தபோதும் அவர்களிடையே உடன்பாடு இல்லை. விதிப்படி எண் இடுவதே அளத்தல், விதி மாறினால் அளவையும் மாறும் என்பது ஸ்டீவன்ஸின் விடை.

பெயரளவு நிலையில் எண் வெறும் அடையாளம். சென்னையின் 600001, மதுரையின் 625001 ஆகிய அஞ்சல் குறியீடுகளைக் கூட்டினால் ஏழு இலக்க எண் ஒன்று வரும். அது எந்த ஊரையும் குறிக்காது. கழித்தால் வருவது தூரமும் அன்று. இரத்த வகை, தாய்மொழி, தொழில் ஆகியவையும் இவ்வகையே. எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணலாம், மிகுதியாக வருவதை, அதாவது முகட்டை, காணலாம்.

தரவரிசை நிலையில் முன்பின் தெரியும், இடைவெளி தெரியாது. கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவை (1812) இதற்குச் சிறந்த சான்று. எது எதைக் கீறுகிறது என்பதை மட்டும் பார்த்து டால்க்குக்கு 1, குருந்தத்துக்கு 9, வைரத்துக்கு 10 என எண் தரப்பட்டது. உண்மையில் குருந்தத்துக்கும் வைரத்துக்கும் உள்ள கடின வேறுபாடு, 8-க்கும் 9-க்கும் இடையே உள்ளதைவிடப் பன்மடங்கு பெரியது. இத்தகைய தரவுக்கு, வரிசையின் நடுவில் நிற்கும் மதிப்பான இடைநிலை அளவு பொருந்தும். உளவியலாளர் லிக்கர்ட் 1932-இல் அறிமுகப்படுத்திய, ‘முற்றிலும் ஏற்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரையிலான கருத்துக்கணிப்பு விடைகளும் தனித்தனியே பார்த்தால் தரவரிசைதான். அவற்றுக்குச் சராசரி காண்பது பெருவழக்கு என்றாலும், ஒவ்வொரு விடையையும் எத்தனை விழுக்காட்டினர் தந்தனர் என்று காட்டுவதே நேர்மையானது.

இடைவெளி நிலையில் வேறுபாடுகள் பொருள் உடையவை. ஆனால் பூச்சியம் மனிதர் வைத்த குறி. 40 பாகை செல்சியஸ் 20 பாகையைப் போல இருமடங்கு வெப்பம் என்று சொல்லத் தோன்றும். அதே வெப்பநிலைகள் ஃபாரன்ஹீட்டில் 104, 68. இருமடங்கு காணாமல் போகிறது. பூச்சியம் உண்மையிலேயே பூச்சியமாக உள்ள கெல்வின் அளவையில் அவை 313.15, 293.15, மிகுதி ஏறத்தாழ 7 விழுக்காடுதான். கெல்வினைப் போலவே எடை, நீளம், வயது, வருமானம் ஆகியவை விகித நிலையைச் சேர்ந்தவை. பெருக்குச் சராசரி உட்பட எல்லாக் கணக்கும் இங்கே செல்லும்.

தரவை வகைப்படுத்தும் வேறொரு முறையும் உண்டு. முதலிரு நிலைகளைப் பண்புசார் தரவு என்றும் பின்னிரண்டை எண்சார் தரவு என்றும் பொதுவாகக் கொள்வர். எண்சார் தரவில், வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை போல எண்ணிப் பெறுவது தனித்த தரவு; உயரம் போல அளந்து பெறுவது தொடர்ச்சியான தரவு.

ஸ்டீவன்ஸின் பாகுபாடு மறுப்புகளையும் சந்தித்தது. விளையாட்டு வீரர் சட்டை எண்கள் வெறும் பெயர்களே என்றாலும், ஓர் அணிக்கு வேண்டுமென்றே சிறிய எண்கள் தரப்பட்டனவா என்று அறியச் சராசரி உதவும் என 1953-இல் ஃபிரெடரிக் லார்ட் காட்டினார். எழுப்பும் கேள்வியும் நிலையைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் தெளிவாகிறது. அவருடைய வாதம் வலுவானது. நான்கிலும் அடங்காத தரவும் உண்டு. காற்றின் திசை வட்டமாகச் சுழல்வது. 350 பாகையிலிருந்தும் 10 பாகையிலிருந்தும் வீசும் காற்றுகளின் நடுத்திசை வடக்கு. கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் 180 பாகையோ தெற்கு.