புல்லட் ஏன் சாவதில்லை?

மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கம் போனால் மாட்டுக்கொட்டகை ஓரமாகச் சாக்கு போர்த்தி நிற்கும் பழைய புல்லட்டைப் பார்க்கலாம். பத்து வருஷம் ஓடாத வண்டி மறுபடி ஓடுமா? பெரும்பாலும் ஓடும். காரணம் அதன் வரலாற்றிலேயே இருக்கிறது.

ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனி. எல்லையில் ரோந்து போக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் 'என்ஃபீல்டு இந்தியா' பிறந்தது. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை! வார்ப்பிரும்பு இன்ஜினின் அடிப்படை அமைப்பும் ஐம்பது வருஷம் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் தாத்தா வாங்கிய வண்டிக்குப் பேரன் காலத்திலும் பாகம் கிடைக்கிறது.

சரி, நின்ற வண்டியில் என்னதான் கெடும்? பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பாயிண்டில் களிம்பேறித் தீப்பொறி வராது. ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் கேஸில் தேங்கும். அதை வடிக்காமல் உதைத்தால் புகைதான் மிஞ்சும். டேங்க்கைக் கழுவி, ஜெட்டை ஊதி, பாயிண்டைத் தேய்த்து, புது ஆயில் ஊற்றி, டீகம்ப்ரஷரைப் பிடித்தபடி சில தடவை மெதுவாக மிதித்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஒரு புதுச் சிக்கலும் உண்டு. இன்று பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும். ஆகவே குழாயை மாற்றுவதும், வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்க்கைக் காலி செய்வதும் அவசியம்.

மாறாமல் இருந்ததை அந்தக் காலத்தில் குறை என்றார்கள். அந்தக் குறைதான் இன்று புல்லட்டின் ஆயுள்.