அழுத்தம் அறியும் கலங்கள்: உயிரியலும் பௌதிகமும் சந்திக்கும் துறை

மருத்துவமா, பொறியியலா? புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை நெருங்கும்போது தவறாமல் எழும் கேள்வி இது. இரண்டும் ஒன்றாகச் சேரும் துறை ஒன்று கடந்த சில பத்தாண்டுகளில் வேகமாக வளர்ந்திருப்பதை நம்மில் பலர் அறியோம். உயிருள்ள கலங்களின் பௌதிகத்தையும் பொறிமுறையையும் ஆராயும் துறையே அது. ஊரில் நாம் கலம் என்று படித்ததைத் தமிழ்நாட்டு நூல்கள் செல் என்கின்றன.

பாடசாலையில் நாம் அறிந்த கலம், இரசாயன மாற்றங்கள் நடைபெறும் ஒரு சிறு பை. அதே கலம் இழுக்கிறது, தள்ளுகிறது, தான் ஒட்டியிருக்கும் இடத்தின் கடினத்தையும் உணர்கிறது என்பதை இத்துறை காட்டியிருக்கிறது.

வளைந்து கொடுக்கும் குருதிக் கலம்

செங்குருதிக் கலத்தின் விட்டம் ஏறத்தாழ 8 மைக்ரோமீற்றர். அது தன்னைவிட ஒடுங்கிய நுண்குழாய்களுக்குள்ளும் நுழைந்து செல்ல வேண்டும். சுமார் 120 நாள் வாழ்நாள் முழுவதும் மடங்கி, நீண்டு, மீண்டும் பழைய வடிவத்துக்கு வருகிறது. மலேரியாக் கிருமி புகுந்தாலோ, அரிவாள் கல நோய் இருந்தாலோ கலம் விறைத்துப்போகிறது; நுண்குழாய்களில் அடைப்பு ஏற்படுகிறது.

இத்தகைய மென்மையை அளக்க உயிரியலாளருக்குப் பௌதிகவியலாளரின் கருவிகள் தேவைப்பட்டன. லேசர் ஒளியால் நுண்பொருளைப் பிடித்து நகர்த்தும் ஒளி இடுக்கியை ஆர்தர் ஆஷ்கின் 1986இல் உருவாக்கினார். அதற்காக 2018இல், தமது 96ஆவது வயதில், நோபல் பரிசு பெற்றார்.

இடத்தின் கடினம்

2006இல் அமெரிக்காவில் ஆடம் எங்லர், டெனிஸ் டிஷர் குழுவினர் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த மூலக்கலங்களை வெவ்வேறு கடினமுள்ள கூழ்களின் மேல் வளர்த்தனர். ஊட்டம் ஒன்றுதான். மூளையைப் போல் மென்மையான கூழில் இருந்தவை நரம்புக் கலங்களின் இயல்பைக் காட்டின. தசையை ஒத்த கடினத்தில் தசையின் இயல்பும், அதைவிடக் கடினமான கூழில் எலும்புக் கலங்களின் இயல்பும் தோன்றின. கலத்தின் போக்கை இரசாயனம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

தொடுகையின் வாயில்

கலம் அழுத்தத்தை எப்படி அறிகிறது? ஆர்டெம் பாடபூட்டியன் குழுவினர் ஒரு கலத்தை நுண்ணிய ஊசியால் அழுத்தி, அதில் எழும் மின்னோட்டத்தை அளந்தனர். சந்தேகத்துக்குரிய 72 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து பார்த்தனர். அவற்றுள் ஒன்று செயலிழந்தபோது கலம் உணர்விழந்தது. 2010இல் வெளியான அக்கண்டுபிடிப்புக்கு, அழுத்தம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பியெசோ1 என்று பெயரிட்டனர். மென்சவ்வு இழுபடும்போது திறந்து அயன்களை உள்ளே விடும் வாயில் அது. அதன் இணையான பியெசோ2 இல்லாதவர்கள், கண்ணை மூடினால் தம் கைகால் எங்கே இருக்கிறது என்பதையே உணரச் சிரமப்படுகிறார்கள்.

பாடபூட்டியன் பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியர். லெபனான் உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1986இல், 18 வயதில் அமெரிக்கா வந்தவர். பீட்சா விநியோகித்தும், ஆர்மீனியப் பத்திரிகைக்கு வாரபலன் எழுதியும் பிழைத்தார். மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடுதான் ஆய்வுகூடத்துள் நுழைந்தார், ஆய்விலேயே நின்றுவிட்டார். 2021இல் டேவிட் ஜூலியஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நோயாளிக்கு என்ன பயன்?

கல்லீரலில் கொழுப்பு என்று வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்ட நம்மவர் பலர் பைப்ரோஸ்கான் பரிசோதனை செய்திருப்பார்கள். அந்த அறிக்கையில் கிலோபாஸ்கலில் தரப்படும் எண், கல்லீரலின் விறைப்பைக் குறிக்கிறது. தழும்பு கூடக்கூட விறைப்பும் கூடும். பலருக்கு ஊசியால் இழையம் எடுக்கும் தேவையை இது தவிர்க்கிறது. எண்ணின் பொருளை வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும்.

புற்றுநோய் ஆய்விலும் இப்பார்வை முக்கியம். கட்டி கைக்குக் கடினமாகப் படுவது பெரும்பாலும் அதைச் சூழ்ந்த நார்களால். உள்ளே உள்ள புற்றுநோய்க் கலங்களோ பல வேளைகளில் இயல்பான கலங்களைவிட மென்மையானவை. ஒடுங்கிய இடைவெளிகளால் நழுவிப் பரவ அது உதவுகிறது.

உயிர்ப்பௌதிகவியல், உயிர்மருத்துவப் பொறியியல் என்ற பெயர்களில் நாம் வாழும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இதைக் கற்பிக்கின்றன. கணிதமும் பௌதிகமும் பிடித்த பிள்ளை நோயாளிக்கு உதவ விரும்பினால், ஒன்றைக் கைவிடத் தேவையில்லை. அடுத்த முறை பிள்ளை மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னால், மறுப்பதற்கு முன் அது என்னவென்று கேட்போம்.