ரீடச்சிங்: பென்சில் முதல் கம்ப்யூட்டர் வரை

சங்க மலரில் போடுவதற்கு முன்னோர் படம் ஒன்று தரும்படி நண்பர்கள் கேட்டிருந்தார்கள். டிரங்குப் பெட்டியைக் கிளறியதில் என் பாட்டியின் ஒரே படம் கிடைத்தது. ஓரம் கிழிந்து, நடுவே மடிப்பு விழுந்து, பழுப்பேறிய படம். "குடுங்க தாத்தா, கம்ப்யூட்டர்ல அரை மணியில சரி பண்ணிடறேன்" என்று பேத்தி வாங்கிப் போனாள். சொன்னபடியே செய்துவிட்டாள். கிழிசல் போயிற்று, மடிப்பும் போயிற்று. கூடவே பாட்டியின் அம்மைத் தழும்புகளும் போய்விட்டன. நிறமும் இரண்டு படி ஏறியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இது என் பாட்டி இல்லையே" என்றேன். எல்லாம் இந்தக் காலத்துக் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், அப்படிச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

டாகர் கண்டறிந்த புகைப்பட முறை 1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் 1854இல் பம்பாயிலும், 1856இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. சென்னையில் இக்கலை பரவ முன்நின்றவர், 1850இல் அங்கே ஓவியப் பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர். இதே காலத்தில், 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் ஒரே முகத்தின் இரண்டு படங்களை வைத்தார். ஒன்று எடுத்தபடியே இருந்தது. மற்றது நெகட்டிவில் திருத்தியது. கூட்டம் வியந்து பார்த்தது. ஆக, முகத்தைத் திருத்தும் வேலைக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல்!

அன்று அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. அக்காலக் கண்ணாடித் தகடுகளில் நீல ஒளி நன்றாகப் பதியும். சிவப்பு ஏறக்குறைய பதியவே பதியாது. அதனால் மாநிறத்தவர் உள்ளதைவிடக் கறுப்பாக விழுந்தார்கள். சின்னச் சிவந்த பருகூடக் கரும்புள்ளியாகத் தெரிந்தது. கேமராவின் பிழையை மனிதன் கையால் திருத்த வேண்டியிருந்தது.

அந்த வேலை நுணுக்கமானது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? முகச் சுருக்கம் அங்கே வெளிறிய கோடாக இருக்கும். நெகட்டிவின் மேல் மெல்லிய வார்னிஷ் தடவி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அந்தக் கோட்டைப் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். பிரிண்ட் போட்டால் சுருக்கம் மறைந்திருக்கும். எங்கேயாவது கருமை கூட வேண்டுமானால் அவ்விடத்தைக் கத்தியால் மெல்லச் சுரண்டுவார்கள்.

நாம் வாழும் இந்தச் சிக்கந்தராபாத்துக்கும் இக்கலையில் பெருமை உண்டு. 1844இல் சர்தானாவில் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் படித்த லாலா தீன் தயாள், 1880களில் இங்கே ஸ்டூடியோ வைத்தார். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரராக விளங்கினார். கோஷாப் பெண்களுக்கென்றே 1892இல் ஹைதராபாத்தில் தனி ஸ்டூடியோவும் திறந்தார். உள்ளே படம் எடுத்தவரும் ஒரு பெண்மணிதான். பெரிய ஸ்டூடியோக்களில் படம் எடுப்பவர் ஒருவர், டச்சப் செய்பவர் இன்னொருவர், வண்ணம் தீட்டுபவர் வேறொருவர் என்று வேலை பிரிந்திருந்தது.

நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப் 1990இல் வந்தபோதும் பழைய பெயர்களே தொடர்ந்தன. இருட்டறையில் விளக்கொளியைக் கையால் மறைத்து ஓரிடத்தை வெளுப்பாக்குவது 'டாட்ஜ்'. கூடுதல் ஒளி விட்டுக் கறுப்பாக்குவது 'பர்ன்'. கம்ப்யூட்டரில் பர்ன் கருவிக்கு அடையாளப் படம் இன்றும் ஒரு கைதான்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். "அப்போ நான் செஞ்சதும் சரிதானே தாத்தா?" என்று மடக்கினாள்.

"மடிப்பு காகிதத்துக்கு வந்ததும்மா, அதை எடு. தழும்பு பாட்டிக்கு வந்தது. கூடப்பிறந்த ரெண்டு பேரை அம்மை கொண்டுபோன வருஷம் பிழைச்சு எழுந்தவங்க அவங்க. அவங்க போயிருந்தா நானும் இல்லை, நீயும் இல்லை."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஸ்கேன் செய்த மூலத்தைத் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். நல்லவேளை, அதை அழிக்காமல் வைத்திருந்தாள்.

அன்பர்களும் இப்படியே செய்யலாம். பழைய படத்தை முதலில் ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள். நகலில் மட்டும் கிழிசலையும் கறையையும் நீக்குங்கள். படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

இம்மலரில் நீங்கள் காணும் என் பாட்டி, தழும்புகளோடுதான் இருக்கிறார்.