கட்டடக்காரர் வாக்கு

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து கோயில் அமைத்த மகேந்திரவர்மப் பல்லவன், தான் செய்த காரியத்தின் புதுமையை அங்கேயே ஒரு சமஸ்கிருத சாசனமாகப் பொறித்து வைத்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமலே மும்மூர்த்திகளுக்கு ஓர் ஆலயத்தை, விசித்திரசித்தன் என்னும் பட்டப்பெயர் பூண்ட அம்மன்னன் ஆக்கினான் என்பது அதன் சாரம். கட்டடம் கட்டுவோர் பொதுமக்களிடம் பேசிய பேச்சு என்று நம் நாட்டில் தேடிப் போனால், காலத்தால் முற்பட்டவற்றுள் இதனையும் வைத்து எண்ணலாம். என்ன பொருளைக் கொண்டு, எந்த முறையில், யார் செய்தார் என்ற மூன்று செய்திகளும் அதில் இருக்கின்றன; கோயிலைக் கண்ணால் பார்த்து, சொன்னது மெய்தானா என்று எவரும் அங்கேயே நின்று பரீட்சித்துக்கொள்ளலாம்.

நானூறு ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூரில் இந்தச் சம்பிரதாயம் பூரணமான வளர்ச்சியை அடைந்தது. இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையும் தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுமாறு ஆணையிட்டதையும், அதன்படி பெரிய கோயிலின் சுவர்கள் ஒரு மகத்தான கணக்குப் புத்தகமாக ஆனதையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அந்தச் சாசனங்களை நிதானமாகப் படிப்பவரை வியப்பில் ஆழ்த்துவது தானங்களின் பெருமை அன்று, அவற்றை அளந்து சொன்ன முறைமையே. அரசனது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்து உச்சிக்கென அளிக்கப்பட்ட செப்புக்குடத்தின் நிறை 3,083 பலம் என்றும், அதன்மேல் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு என்றும் குறித்தார்கள். பொன்னை நிறுத்த இடத்தில் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தது என்றும், மணிகளை நிறுத்த இடத்தில் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுத்தது என்றும், எடைக்கல்லின் பெயரையே எழுதி வைத்தார்கள். எத்தனை என்று சொன்னதோடு, எந்தப் பிரமாணத்தால் அத்தனை என்றும் சொல்லிவிட்டார்கள். பிற்காலத்தவர் வேறொரு கல்லைக் கொண்டுவந்து வாதிட இடமில்லை. அதே சுவர்களில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று, பணியை நடத்திய தச்சனின் பெயரும் இருக்கிறது. அரசனது நாவிதனுக்குக்கூட அங்கே ஓர் இடம் உண்டு.

முடிந்த கட்டடத்தைப் பற்றி இவ்வளவு தாராளமாகப் பேசிய நம் சமூகம், முடியாத கட்டடத்தை ஊரார் கண்ணுக்குக் காட்டக் கூசியது என்பது இந்த வரலாற்றின் மற்றொரு பக்கம். வைக்கோல் திணித்த ஆள்பொம்மையை முதல் மாடியில் கட்டித் தொங்கவிடுவதும், கோரமுகம் எழுதிய பூசணிக்காயை வாசலுக்கு நேரே மாட்டுவதும் இன்றும் எந்தத் தெருவிலும் காணக் கிடைக்கும் வழக்கங்கள். பார்ப்பவன் பார்வை பொம்மையின்மேல் பட்டு நிற்கட்டும், பச்சைச் சுவரின்மேல் விழவேண்டாம் என்பது அவற்றின் அபிப்பிராயம். கடைக்கால் எடுத்த நாளும் வாசக்கால் வைத்த நாளும் வீட்டாரும் மேஸ்திரியும் பங்காளிகளும் மட்டும் அறிந்த நாட்கள். கிருகப்பிரவேசப் பத்திரிகை அச்சாகும்போதுதான் வீடு ஊருக்குரிய செய்தியாகும். அன்று மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் வேட்டியும் துண்டும் வெற்றிலைபாக்குத் தட்டில் பணமும் வைத்து, உறவினர் முன்னிலையில் மரியாதை செய்யும் வழக்கம் இருக்கிறதே, அதுவும் ஒரு விதமான கையொப்பந்தான்: இந்த வீட்டைக் கட்டியவர் இவர் என்பதை, அடுத்து வீடு கட்டப்போகும் பத்துப் பேர் நேரில் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் உயர்நீதிமன்றத்தையும் விக்டோரியா பொது மண்டபத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் எழுப்பிய தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியாரின் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. சர்க்கார் வேலைகளை எடுத்துச் செய்த அத்தகைய ஒப்பந்தக்காரர்களுக்குப் பொதுஜனங்களிடம் விலை சொல்லி விற்க ஒன்றுமில்லை. டெண்டர் அறிவிப்பு ஒரு பக்கம், திறப்புவிழாக் கல் மற்றொரு பக்கம். இடையில் கட்டடமே பேசிற்று. வருந்தத்தக்க ஒரு மாற்றம் மட்டும் இக்காலத்தில் நிகழ்ந்துவிட்டது. திறப்புவிழாக் கல்லில் கவர்னரின் பெயர் பெரிதாக ஏற, தச்சனின் பெயர் மறைந்தே போயிற்று.

தொழிலின் சார்பில் ஜனங்களை அணுகிப் பேச வேண்டிய அவசியம் முதன்முதலில் சிமெண்ட் உற்பத்தியாளர்களுக்கே நேர்ந்தது. கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டியவர்களிடம், சாம்பல் நிறமான ஒரு தூளை நம்பும்படி எப்படிச் சொல்வது? 1927-இல் உற்பத்தியாளர்கள் கூடி இந்தியக் கான்கிரீட் சங்கத்தை நிறுவி, அதே ஆண்டில் ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையையும் தொடங்கினார்கள். பொறியாளர்களுக்கு ஆலோசனை, புதுமாதிரி வீடுகளின் படங்கள், கலவை விகிதங்கள், கைநூல்கள் என்று அவர்கள் செய்த பிரசாரத்தில் வியாபார நோக்கம் இருந்தது உண்மையே; எனினும், பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொடுப்பதையே விளம்பரமாகக் கொண்ட அந்த முறை, இந்தத் தொழிலில் நடந்த பிரசாரங்களுள் தலைசிறந்தது என்பது என் துணிபு. பின்னர் மதுக்கரை, டால்மியாபுரம், தாழையூத்து என ஆலைகள் பெருகி, பஸ் செல்லும் சாலைகளின் சுவர்தோறும் சிமெண்ட் பெயர்கள் எழுதப்பட்டன. கட்டுப்பாட்டு விலையும் பெர்மிட்டும் கோலோச்சி, 1982-இல் பாதியும் 1989-இல் முழுவதும் நீங்கிய இடைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை; கிடைப்பதே அரிதான பண்டத்துக்கு விளம்பரம் எதற்கு?

கட்டடமே பேசிய காலத்தின் கடைசிப் பெருஞ்சான்றாக மவுண்ட்ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தைச் சொல்லலாம். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய அந்தப் பணி, 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் மறைந்த பின்னரும், காப்பீட்டுத் தொழில் தேசியமயமான பின்னரும் தொடர்ந்து, 1959 ஆகஸ்டில் நிறைவெய்தியது. பட்டணத்துக்கு வந்த கிராமத்தார் அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணிவிட்டு ஊர் திரும்பினார்கள். கதாநாயகன் சென்னைக்கு வந்து சேர்ந்தான் என்று காட்ட விரும்பிய திரைப்படக்காரர்களும் அதையே காட்டினார்கள். அதனைக் கட்டியவர்கள் வேறு விளம்பரம் தேட வேண்டியிருக்கவில்லை.

அடுக்ககங்கள் பெருகத் தொடங்கியதும் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. வீட்டைக் கட்டி முடித்து விற்பது போய், மனையும் வரைபடமும் மட்டும் இருக்கும் நிலையில் முன்பணம் வாங்கி, அந்தப் பணத்தைக் கொண்டே கட்டுவது வழக்கமாயிற்று. அந்த நிலையில் வாங்குபவர் கையில் பெறுவது கட்டடம் அன்று, கட்டடக்காரரின் வாக்கு மட்டுமே என்பதை நாம் நன்கு நினைவிற்கொள்ள வேண்டும். பத்திரிகைகளின் முழுப்பக்க விளம்பரங்களும், சாலையோரத்து ராட்சதப் பலகைகளும், வர்ணப் புத்தகங்களும் அந்த வாக்கைச் சுமந்தன. பசும்புல் தரையும் நீச்சல் குளமும் படத்தில் இருந்தன; அளவு மட்டும் வழுக்கியது. வீட்டின் உள்ளளவு ஒன்று, சுவரையும் சேர்த்த அளவு ஒன்று, மாடிப்படி, லிஃப்ட், நடைவழி யாவற்றிலும் பங்கு சேர்த்து ‘சூப்பர் பில்ட்-அப்’ என்ற அளவு ஒன்று என்று, ஒரே வீட்டுக்கு மூன்று கணக்குகள் வழங்கலாயின. நிறுத்த கல்லின் பெயரையும் சேர்த்துப் பொறித்த தஞ்சைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடிக்கப்படாத பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்கள். விற்பனைக்கென்று காட்டப்படும் படத்துக்கும் தூணுக்குள்ளே இருக்கும் உண்மைக்கும் எத்தனை வேற்றுமை இருக்கக்கூடும் என்பது அன்று ஊரறியப் புலனாயிற்று. இரண்டாண்டு கழித்துப் பாராளுமன்றம் இயற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கட்டடக்காரரின் வாக்கைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது. எந்த ஊடகத்தின் வழியாக வந்தாலும் விளம்பரம் விளம்பரமே என்று அது வரையறுத்தது. பதிவு செய்ய வேண்டிய திட்டத்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யலாகாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருத்தல் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று ஆணையத்தின் தளத்தில் வெளியிட வேண்டும். விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டியவர் பொய்யுரையால் நஷ்டமடைந்தால் ஈடு செய்ய வேண்டும். சுவருக்குள்ளே புழங்கும் தரைப்பரப்பே விற்பனைக்குரிய அளவு என்றும் அச்சட்டம் நிலைநாட்டியது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன.

இதற்குள் முகநூலும் யூடியூபும் வாட்ஸ்அப்பும் கட்டுமான நிறுவனங்களின் அன்றாட மொழியாகிவிட்டிருந்தன. வைக்கோல் பொம்மையால் நாம் மறைத்துவந்த அந்தப் பச்சைச் சுவரே இன்று நாள்தோறும் படமெடுத்துக் காட்டப்படுகிறது என்பது, என் கருத்தில், இந்தத் தொழிலின் பேச்சில் நேர்ந்த மிகப் பெரிய மாறுதல்; அதை நான் வரவேற்கிறேன். ஆனால் காட்டப்படுவது எது என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. ட்ரோன் மேலே எழுந்து சுற்றிவரும் ஒரு நிமிடக் காணொளியில் அழகு இருக்கிறது, செய்தி இல்லை. ரூஃப் கான்கிரீட் போடுவதற்கு முந்தின மாலை, சென்ட்ரிங் பலகைமேல் கட்டி முடித்த கம்பியை அருகே சென்று எடுத்த ஒரு படம் போதும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே, தளமானால் 20 மில்லிமீட்டர் இடைவெளி காக்கும் கவர் பிளாக்குகள் வரிசையாக இருக்கின்றனவா, கம்பியின் முடிச்சு ஒவ்வொன்றும் இறுகியிருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரிந்துவிடும். அந்த இடைவெளி குறைந்தால் சில மழைக்காலங்களில் ஈரம் உட்புகுந்து கம்பி துருப்பிடித்து உப்ப, கூரை பெயர்ந்து விழும். கான்கிரீட் போட்ட மறுநாள் தொடங்கி ஏழு நாளேனும், கலப்புச் சிமெண்டானால் பத்து நாளேனும், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியதைத் தேதியோடு காட்டும் படங்கள், எந்த நடிகரின் சிபாரிசைக் காட்டிலும் வாங்குபவருக்குப் பயன்படுவன. 1927-இல் கான்கிரீட் சங்கத்தார் செய்ய விரும்பியதும் இதுவேயன்றோ?

பத்திரிகை விளம்பரத்துக்கு இல்லாத ஒரு குணம் சமூக ஊடகத்துக்கு உண்டு: கேட்டவர் அதே இடத்தில் பதில் பேசலாம். ‘எங்கள் பிளாக்கில் மூன்று மாதமாக வேலை நிற்கிறதே, ஏன்?’ என்று ஒருவர் கேட்க, அக்கேள்வியை அழித்துவிடும் நிறுவனங்களும் இருக்கின்றன; மணல் கிடைக்காததையும் ஆட்கள் ஊருக்குப் போனதையும் மறைக்காமல் எழுதி, புதிய தேதி சொல்லும் நிறுவனங்களும் இருக்கின்றன. பின்னவற்றின் பேர் நிலைக்கும் என்றே நம்புகிறேன்.

நிறுவனத்தாரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பக்கங்களில் நிர்வாக இயக்குநரின் புன்னகை இருக்கட்டும். அதனோடு, அவரவர் சம்மதம் பெற்று, தளத்தின் பொறியாளர், மேஸ்திரி, கம்பி கட்டியவர், சித்தாளாக மண்சட்டி சுமந்த பெண் ஆகியோரின் பெயர்களையும் எழுதுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசன் தன் தச்சனுக்குச் செய்ததைச் செய்ய உங்களுக்குக் கல்லும் உளியும் வேண்டுவதில்லை.

வாசகரிடமும் ஒன்று. கைப்பேசியில் வந்த விளம்பரம் மனத்துக்குப் பிடித்திருந்தால், அதிலுள்ள பதிவு எண்ணை ஆணையத்தின் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் படத்தையும் காணொளியையும் தேதியோடு சேமித்து வையுங்கள், பின்னால் அவை சாட்சி சொல்லும். வீட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் முன்பணம் வாங்க எந்தக் கட்டடக்காரருக்கும் சட்டத்தில் இடமில்லை.